டைமிங்கை முன்னே தள்ளினால் வண்டி பறக்குமா?

ஹாஸ்டல் வாசலில் நாலு பைக் நின்றால் போதும், நம்ம ஆட்களில் ஒருவர் கட்டாயம் சொல்வார்: "டைமிங்கைக் கொஞ்சம் அட்வான்ஸ் பண்ணிப் பாரு மச்சான், சும்மா பிச்சுக்கிட்டுப் போகும்!" நானும் இதைச் சொன்னவன்தான். சொன்னதோடு நிற்காமல் செய்தும் பார்த்தவன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், அட்வான்ஸ் எதற்கு? பிளக்கில் பொறி விழுந்த அதே நொடியில் பெட்ரோல் முழுவதும் எரிந்துவிடுவதில்லை. தீ பரவ நேரம் வேண்டும். 3000 ஆர்.பி.எம்.மில் ஒரு மில்லி செகண்டுக்குள் கிராங்க் 18 டிகிரி திரும்பிவிடும். அதனால்தான் பிஸ்டன் டி.டி.சி.க்கு வருமுன்பே பொறியைக் கொடுக்கிறோம். டி.டி.சி.யைத் தாண்டி சுமார் 15 டிகிரியில் அழுத்தம் உச்சத்துக்கு வந்தால் பிஸ்டனுக்கு நல்ல உதை கிடைக்கும். பொறி லேட்டானால் பவர் வீணாகி சைலன்சர் வழியே சூடாகப் போகும். இதுவரைக்கும் அட்வான்ஸ் கட்சி சொல்வது சரி. அதற்கு மேலும் முன்னே தள்ளினால்? மேலே ஏறிவரும் பிஸ்டனை நாமே கீழே அமுக்குகிறோம். பவர் குறையும், சூடு கூடும், நாக்கிங் வரும். விட்டால் பிஸ்டன் தலையிலேயே ஓட்டை விழும்.

போன வருஷம் செமஸ்டர் லீவில் பெரியப்பாவின் பழைய 350 சி.சி. புல்லட்டில் கை வைத்தேன். பாயிண்ட் வைத்த வண்டி. ஸ்க்ரூவைத் தளர்த்தி, கண் அளவில் ஒரு திருப்பு. ஐட்லிங் ஏறியது. "பாத்தீங்களா பெரியப்பா, படிச்சது வீண் போகல!" என்றேன். பாலம் ஏறும்போது டாப் கியரில், டின்னில் ஆணியைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம். அதையும் வேகத்தின் சத்தம் என்றே நினைத்தேன்.

மறுநாள் விடியற்காலையில் சந்தைக்குக் கிளம்பிய பெரியப்பா கிக்கரை மிதித்தார். அது திருப்பி அடித்தது. கணுக்கால் வீங்கி, பத்து நாள் வியாபாரம் படுத்துவிட்டது. அவர் என்னைத் திட்டவே இல்லை. "படிக்கிற புள்ள, தெரிஞ்சுதான் செஞ்சிருப்பான்" என்றார். அதுதான் இன்னும் வலிக்கிறது.

கிக் பண்ணும்போது கிராங்க் மெதுவாகச் சுற்றுகிறது. பொறி ரொம்ப முன்னால் விழுந்தால், பிஸ்டன் மேலே எட்டுமுன் அழுத்தம் அதைத் திருப்பித் தள்ளிவிடும். இதற்காகத்தான் அந்த வண்டியில் ஆட்டோ அட்வான்ஸ் இருக்கிறது. வேகம் கூடக் கூட எடைகள் விரிந்து, வேண்டிய அட்வான்ஸை அதுவே கொடுக்கும். நான் திருப்பிய திருப்பு, கிக் பண்ணும் நேரத்துக்கும் சேர்ந்துவிட்டது.

சரி செய்த மெக்கானிக் அண்ணன் எட்டாவது தாண்டாதவர். பாயிண்டைச் சுத்தம் பண்ணி, ஃபீலர் கேஜ் விட்டு 0.4 மி.மீ. இடைவெளி வைத்தார். இடைவெளி கூடினாலே டைமிங் தானாக முன்னே போகும். அதனால் அதுதான் முதல் வேலை. பிறகு பாயிண்டுக்கு நடுவே ஒரு சிகரெட் பேப்பர். பிஸ்டன் டி.டி.சி.க்கு 0.8 மி.மீ. கீழே இருக்கும்போது பேப்பர் நழுவும்படி செட் பண்ணினார். அவர் அளந்தார். டிப்ளமோ படிக்கும் நான் குத்துமதிப்பாகத் திருப்பினேன்!

என் கருத்து இதுதான்: நமக்குத் தியரி தெரியாமல் இல்லை, அளக்கும் பழக்கம்தான் இல்லை. லேபில் ரோப் பிரேக் ரீடிங்கை சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதுகிறோம். ரோட்டில் காதை நம்பி டியூன் பண்ணுகிறோம். 2020-ல் பி.எஸ்.6 வந்தபிறகு புது வண்டிகளில் டைமிங்கை ஈ.சி.யு. பார்த்துக்கொள்கிறது. நாம் மாறவில்லையே! இப்போது "மேப்பை மாத்தலாமா?" என்கிறோம்.

நண்பர்களே, ஒர்க்‌ஷாப் மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய பெட்ரோல் எஞ்சினை ஓட வைப்போம். ரோப் பிரேக் மாட்டி, 2 டிகிரி வீதம் டைமிங்கை மாற்றி, டார்க் எவ்வளவு என்று கிராஃப் போடுவோம். ஏறி, தட்டையாகி, இறங்கும் அந்தக் கோட்டைத் தன் கையால் ஒருமுறை வரைந்தவர் யாருடைய வண்டியிலும் கண்ணை மூடிக்கொண்டு கை வைக்க மாட்டார்.

வேகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அளந்துவிட்டுத் திருப்புவோம். நம்மை நம்பி ஒருவர் காலையில் கிக்கரை மிதிக்கப் போகிறார்.

— மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல்