மெட்ரோ ரயிலுக்கு ஆயுள் எத்தனை? பெரம்பூரில் பிறந்து கொல்கத்தாவில் ஓய்ந்த பெட்டிகள் சொல்லும் பாடம்

நெட்டப்பாக்கத்தில் ரயில் நிலையம் கிடையாது. ரயில் ஏறணும்னா வில்லியனூருக்கோ விழுப்புரத்துக்கோ பஸ் பிடிக்க வேண்டும். அந்தப் பஸ்ஸுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த மத்திய அரசு விதிப்படி, 15 ஆண்டு தாண்டிய அரசு வாகனங்களுக்குப் பதிவுப் புதுப்பிப்பு இல்லை. அரசுப் போக்குவரத்துக் கழகப் பஸ்களும் இதில் அடக்கம். அப்படியானால் சென்னைக்குப் போய் ஏறுகிற மெட்ரோ ரயிலுக்கு எத்தனை வயசு வரைக்கும் அனுமதி? அதை யார் முடிவு செய்கிறார்கள்?

இதற்குப் பதில் தேட, இந்தியாவின் முதல் சுரங்க ரயிலின் கதையைப் பார்ப்பது உதவும். அந்த ரயில் ஓடியது கொல்கத்தாவில். ஆனால் அது பிறந்தது சென்னை பெரம்பூரில்.

எந்த ரயில் அது?

கொல்கத்தா மெட்ரோ 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடு – பவானிப்பூர் இடையே 3.4 கி.மீ. தூரத்துக்கு ஓட ஆரம்பித்தது. அதற்கான பெட்டிகளைச் செய்து கொடுத்தது பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை. சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் வடிவமைப்பை வைத்து, சாதாரணப் பயணிகள் பெட்டி செய்வதற்காக 1955-ல் தொடங்கப்பட்ட தொழிற்சாலை அது. சுரங்கத்தில் ஓடும் பெட்டி அதற்குப் புது வேலை. மின்சாதனங்கள் பெங்களூருவின் என்.ஜி.இ.எஃப். நிறுவனத்திடமிருந்து வந்தன.

வடிவமைப்பில் என்ன விசேஷம்?

முதல் விஷயம், மின்சாரம். இந்திய ரயில்வேயின் மற்ற மின்ரயில்கள் பொதுவாகத் தலைக்கு மேலே போகும் கம்பியிலிருந்து 25,000 வோல்ட் எடுக்கும். கொல்கத்தா மெட்ரோவோ தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே போகும் மூன்றாவது தண்டவாளத்திலிருந்து 750 வோல்ட் நேர்மின்சாரம் எடுக்கிறது. மேலே கம்பி வேண்டாம் என்பதால் சுரங்கத்தின் உயரத்தைக் குறைக்க முடிந்தது.

இரண்டாவது, காற்று. அந்தப் பெட்டிகளில் ஏசி கிடையாது, மின்விசிறிதான். குளிரூட்டிய காற்றைச் சுரங்கத்துக்குள் தள்ளி, அதை ஜன்னல் வழியே பெட்டிக்குள் வரவிடும் ஏற்பாடு. எட்டுப் பெட்டி ரயிலில் நெரிசல் கூடியபோது அது போதவில்லை. ஏசி ரயில் 2010 அக்டோபரில் வந்ததும், "அடுத்த ஏசி எப்போ?" என்று பிளாட்பாரத்தில் காத்திருக்கும் பழக்கமும் வந்தது.

எப்போது ஓய்வு கொடுத்தார்கள்?

2021 அக்டோபர் 24. மெட்ரோவின் 37-வது பிறந்தநாளில், மகாநாயக் உத்தம்குமார் நிலையத்தில் வைத்து ஏசி இல்லாத ரயில்களுக்கு வழியனுப்பு விழா நடந்தது. இந்திய ரயில்வேயில் மின்தொடர் பெட்டிகளுக்குப் பொதுவாக வகுத்த ஆயுள் 25 ஆண்டு. பழைய பெட்டிகள் பல அந்த எல்லையைத் தாண்டி ஓடின.

25 ஆண்டு என்று விதி இருக்கும்போது தாண்டி ஓட்டலாமா?

ஓட்டலாம். அந்த 25 என்பது பஸ்ஸுக்கான 15 மாதிரிக் கத்தி வெட்டு அல்ல. அது மாற்றுப் பெட்டிக்கு எப்போது பணம் ஒதுக்கணும் என்பதற்கான கணக்கு. சோதனையில் தேறினால் பெட்டி தொடர்ந்து ஓடும்.

இங்கிலாந்தின் வைட் தீவில், 1938-ம் ஆண்டு வடிவமைப்பிலான லண்டன் சுரங்க ரயில்கள் 2021 ஜனவரி வரை ஓடின. வேகம் குறைவு, தூரம் குறைவு, நெரிசல் குறைவு. அதனால் தாக்குப்பிடித்தன.

எதிர்ப்பக்கம் அமெரிக்காவின் வாஷிங்டன். 2009 ஜூன் 22 அன்று, நின்றிருந்த ரயிலின் மேல் பின்னால் வந்த ரயில் மோதி 9 பேர் இறந்தார்கள். தவறு சிக்னல் கருவியில். ஆனால் மோதிய ரயில் 1970-களின் பழைய ரகம் என்பதால் முன்பெட்டி நசுங்கி உயிரிழப்பு கூடியது. இந்த ரகத்தை வலுப்படுத்துங்கள், இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள் என்று விபத்து விசாரணை அமைப்பு முன்பே சொல்லியிருந்தது. கடைசியாக 2017-ல்தான் எடுத்தார்கள்.

அதற்காகப் புதுசெல்லாம் பத்திரம் என்றும் சொல்லிவிட முடியாது. கொல்கத்தாவில் 2019 ஜூலையில், கதவில் கை சிக்கிப் பயணி ஒருவர் இறந்தது புதிய ஏசி ரயிலில்தான்.

அப்படியென்றால் ரயிலுக்கு வயசாவது எதனால்?

மூன்று காரணங்கள். ஒன்று, உடம்பு: இரும்பு துருப்பிடிப்பது, சட்டத்தில் விரிசல் விழுவது. இரண்டு, உதிரிபாகம்: பெட்டி நன்றாக இருந்தாலும் மோட்டாருக்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் சாமான் கிடைக்காமல் போனால் ரயில் பணிமனையில் நின்றுவிடும். கொல்கத்தா ரயிலுக்கு மின்சாதனம் கொடுத்த என்.ஜி.இ.எஃப்., 2000-களின் தொடக்கத்திலேயே மூடப்பட்டது. பெட்டிகளோ அதற்குப் பிறகும் ஓடின. மூன்று, சூழல்: பாதையோ பயணிகளின் எதிர்பார்ப்போ மாறிவிடுவது. சென்னை கடற்கரை – தாம்பரம் மீட்டர்கேஜ் மின்ரயில் சேவை 1931-ல் தொடங்கியது. 2004-ல் அது நின்றது பெட்டி கெட்டதால் அல்ல, பாதை அகலமானதால்.

பழைய மெட்ரோ ரயிலை நம்ம ஊர்ப் பக்கம் ஓட்ட முடியாதா?

விழுப்புரம் – புதுச்சேரி பாதையும் அகலப்பாதை, கொல்கத்தா மெட்ரோவும் அகலப்பாதை. சக்கரம் பொருந்தும். ஆனால் மின்சாரம் பொருந்தாது. வில்லியனூரில் மூன்றாவது தண்டவாளம் ஏது? மின்சாதனம் முழுவதையும் கழற்றி மாற்றும் செலவுக்குப் புதுப் பெட்டியே வாங்கிவிடலாம். அதனால்தான் ஓய்வுபெற்ற சுரங்க ரயில்கள் பெரும்பாலும் பழைய இரும்புக் கடைக்கே போகின்றன. நியூயார்க்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய பெட்டிகளை மீன்கள் குடியேறட்டும் என்று கடலில் இறக்கினார்கள்.

இதனால் இங்கே யாருக்கு என்ன?

சென்னை மெட்ரோ 2015 ஜூன் 29-ல் தொடங்கியது. இன்றைய மெட்ரோ பெட்டிகளுக்கு வடிவமைப்பு ஆயுள் பொதுவாக 30 ஆண்டு. அந்தக் கணக்கில் முதல் ரயில்கள் 2045 வாக்கில் அந்த வயதை எட்டும். இரண்டாம் கட்டத்துக்கு 210 பெட்டிகள் செய்ய பி.இ.எம்.எல். நிறுவனத்துக்கு 2024 நவம்பரில் சுமார் 3,658 கோடி ரூபாய் ஒப்பந்தம் கிடைத்தது. அதில் 15 ஆண்டுப் பராமரிப்பும் அடங்கும்.

இங்கேதான் கேள்வி நிற்கிறது. பெட்டி 30 ஆண்டு ஓடணும், பராமரிப்பு ஒப்பந்தம் 15 ஆண்டு. மீதி 15 ஆண்டுக்கு உதிரிபாகம் யார் தருவார்கள், என்ன விலைக்கு? அன்றைய மோட்டாரை ஒரு தேர்ந்த ஃபிட்டர் பணிமனையிலேயே பிரித்துச் சரிசெய்யலாம். இன்றைய ரயிலை ஓட்டுவது மென்பொருள். அதன் சாவி தயாரிப்பாளரிடம் இருக்கிறது. வரைபடம், மென்பொருள் உரிமை, மாற்று உதிரிபாகம் ஆகியவற்றை வாங்கும்போதே எழுதி வாங்காவிட்டால், நல்ல நிலையில் இருக்கும் ரயிலும் சாமான் இல்லாமல் நிற்கும். அல்லது அவர்கள் சொன்ன விலையைக் கொடுக்க வேண்டும். அந்தச் செலவு கடைசியில் டிக்கெட்டிலோ வரியிலோதான் வந்து சேரும்.

பஸ்ஸைப் போல ரயிலுக்கும் ஒரே தேதியை விதித்தால் நல்ல பெட்டியும் வீணாகும். தேதியே இல்லாமல் விட்டால் வாஷிங்டன் மாதிரி ஆகும். பெட்டியின் சோதனை முடிவையும், எப்போது மாற்றப்போகிறோம் என்ற திட்டத்தையும் மக்கள் பார்க்கும்படி வெளியிடுவதுதான் இதற்கு நடுவழி. விழுப்புரத்தில் ரயில் ஏறிச் சென்னையில் மெட்ரோவுக்கு மாறுகிறவருக்கு, ஏறுகிற பெட்டியின் வயசைவிட, அதைக் கடைசியாக யார், எப்போது சோதித்தார்கள் என்பதுதான் முக்கியம்.