மிச்சம் ஒன்பது பேர் எங்க?

போன வருசம் எங்கட ஊர் மரண உதவிச் சங்கம் ஒன்றுக்கு நான் ஒரு சின்னச் செயலி எழுதிக் குடுத்தன். பெரிய வேலை ஒண்டும் இல்ல. 212 அங்கத்தவர், மாதச் சந்தா, ஆர் கட்டினது ஆர் கட்டேல்ல எண்ட கணக்கு, அவ்வளவுதான். பொருளாளர் எக்செலில் தந்த பட்டியலில் கட்டினவர்கள் 180 பேர். ஒவ்வொருவருடைய அடையாள அட்டை இலக்கத்தையும் தரவுத்தளத்தில் தேடி 'கட்டியாச்சு' என்று மாற்ற வேண்டும். பிறகு மிச்சம் இருக்கிற எல்லாரையும் ஒரே கட்டளையில் 'நிலுவை' ஆக்க வேண்டும். இரவு ஓட விட்டன். பிழைச் செய்தி ஒண்டும் வரேல்ல. விடிய நிலுவைப் பட்டியலை அச்சடித்து அறிவித்தல் பலகையில் ஒட்டினம்.

பின்னேரம் ஒரு அம்மா பற்றுச்சீட்டோட வந்தா. "பிள்ளை, துண்டு என்ர கையில இருக்கு. உன்ர கொம்பியூட்டருக்குள்ள நான் இல்லையோ? செத்தவீட்டுக் காசு கட்டாதவள் எண்டு ஊர் பாக்கட்டும் எண்டோ ஒட்டினனீங்கள்?"

அவ உள்ளுக்கு இருந்தவ. ஆனால் பழைய இலக்கத்தோட. 2016 வரைக்கும் எங்கட அடையாள அட்டை இலக்கம் ஒன்பது எண்களும் கடைசியில் ஒரு ஆங்கில எழுத்தும். அதற்குப் பிறகு வந்த அட்டைகளில் 12 எண்கள். முன்னுக்கு 19 சேரும், நடுவில் ஒரு 0 சேரும், கடைசி எழுத்துப் போய்விடும். சங்கப் பதிவேட்டில் இருந்தது பழையது, பொருளாளரின் எக்செலில் இருந்தது புதியது. மனிசருக்கு ஒரே ஆள், கோட்டுக்கு இரண்டு பேர். இப்படி ஒன்பது பேர்.

ஏன் பிழைச் செய்தி வரவில்லை? ஏனென்றால் தரவுத்தளத்தின் கண்ணில் அது பிழையே இல்லை. 'இந்த இலக்கம் உள்ளவரை மாற்று' என்று கேட்டால், அப்படி ஒருவர் இல்லாவிட்டால் '0 வரிகள் மாறின' என்று மரியாதையாகப் பதில் சொல்லும். அந்த 0-ஐ வாங்கிப் பார்க்க வேண்டியது நான் எழுதின கோட்டின் வேலை. நான் பார்க்கவில்லை. 180 உள்ளே போனது, 171 மாறியது, அடுத்த கட்டளை மிச்சப் பேரை எல்லாம் கடன்காரர் ஆக்கியது. ஒவ்வொரு படியும் சரி, முடிவு மட்டும் அநியாயம்.

இதை ஒரு சங்கத்தின் கதையாக மட்டும் விட்டுவிட எனக்கு மனமில்லை. எங்களைப் பற்றின பெரிய முடிவுகளும் இப்போது இப்படித்தான் எடுக்கப்படுகின்றன: ஒரு பட்டியல், ஒரு விதி, ஒரே ஓட்டம். 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும நல்ல உதாரணம். 22 சுட்டிகளை வைத்துக் குடும்பங்களுக்குப் புள்ளி போட்டு, 20 இலட்சம் குடும்பங்களை நான்கு வகையாகப் பிரிக்கத் திட்டமிட்டார்கள். அப்போது மாதம் 2,500 ரூபா, 5,000, 8,500, 15,000 என்று வைத்தார்கள். பட்டியல் வெளிவந்து சில வாரங்களுக்குள் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. அவ்வளவு பேரும் தகுதியானவர்கள் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் உதவிப் பணம், அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை என்றால், அந்தக் கோட்டில் நிற்கிறவருக்கு 'ஏன்' என்று கேட்கிற உரிமை இருக்க வேண்டும். பட்டியலில் பேர் இல்லாமல் போவது என்றால் என்னவென்று வவுனியாவுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாமில் பேர் பதிஞ்ச சனம் நாங்கள்.

இன்னும் மோசமான உதாரணம் அவுஸ்திரேலியாவில் இருக்கிறது. 'ரோபோடெட்' என்று சொல்லப்பட்ட திட்டம். வரித் திணைக்களத்திடம் இருந்த வருட வருமானத்தை 26ஆல் பிரித்து, இரண்டு கிழமைக்கு ஒருக்கா உழைத்த சராசரியாக எடுத்தார்கள். உதவிப் பணம் வாங்கினவர் அறிவித்த தொகையோடு அது பொருந்தாவிட்டால் கடன் கடிதம் போகும். ஆறு மாதம் வேலை செய்து ஆறு மாதம் வேலையில்லாமல் இருந்தவருக்குச் சராசரி எப்படிப் பொருந்தும்? முன்பு அலுவலர் ஒருவர் விசாரிக்க வேண்டிய இடத்தில், 'பிழை என்றால் நீயே நிரூபி' என்று சுமை சனத்தின் தலையில் ஏறியது. 2020இல் 4,70,000 கடன்களுக்காக 72.1 கோடி டொலரைத் திருப்பிக் குடுப்பதாக அரசு அறிவித்தது. 2023 ஜூலையில் வந்த அரச ஆணைக்குழுவின் அறிக்கை அந்தத் திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது.

கணினி படிக்கிற ஒரு நண்பனிடம் இதைச் சொன்னபோது அவன் சிரித்தான். "இருபது இலட்சம் பேரை ஒவ்வொருத்தராப் பாக்க ஏலுமோ?" என்றான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகத் தரவுத்தளத்துக்கு அனுப்பினால், ஒரு பயணத்துக்கு ஐந்து மில்லிசெக்கன் என்று வைத்தாலும், 20 இலட்சத்துக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணித்தியாலம். ஆயிரம் ஆயிரமாகக் கட்டி அனுப்பினால் 2,000 பயணங்கள்தான், சில நிமிடங்களில் முடியும். ஆகவே தொகுதியாகச் செய்வதை நான் எதிர்க்கவில்லை. ஆயிரத்தை ஒரு மூட்டையாகக் கட்டும்போது அதற்குள் மாறாமல் கிடக்கிற ஒன்பது பேர் இன்னும் வடிவாக ஒளிந்துகொள்வார்கள் என்பதுதான் என் பயம். நண்பனுக்கு என் பதில் இதுதான்: எல்லாரையும் பார்க்க வேண்டாம், பொருந்தாமல் போன ஒன்பது பேரை மட்டும் பார். கணினி எங்களுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவியே அந்தச் சின்னக் குவியலைப் பிரித்துத் தருவதுதான்.

ஆகவே, சங்கத்துக்கோ, விளையாட்டுக் கழகத்துக்கோ, நாளைக்கு ஒரு அலுவலகத்துக்கோ கோட் எழுதப் போகிறவர்களிடம் மூன்று விசயம் கேட்கிறேன்.

ஒன்று, எண்ணுங்கோ. உள்ளே போன தொகையும் மாறின தொகையும் ஒன்றாக இல்லாவிட்டால் முழு ஓட்டமும் நிற்க வேண்டும். தரவுத்தளங்களில் இதற்கு வழி இருக்கிறது: எல்லா மாற்றத்தையும் ஒரே பரிவர்த்தனைக்குள் வைத்து, கணக்குப் பிழைத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரிப் பழையபடி திருப்பலாம். நான் அதைச் செய்திருந்தால் அந்த இரவே நின்றிருக்கும்.

இரண்டு, பழைய நிலையை அழிக்காதேங்கோ. எந்த ஓட்டத்தில், எந்தத் திகதியில், எதிலிருந்து எதுவாக மாறியது என்று பக்கத்தில் எழுதி வையுங்கோ. 'கணினி மாத்திப்போட்டுது' என்பது பதில் இல்லை.

மூன்று, பொருந்தாத பேர்களைப் பலகையில் ஒட்டுவதற்கு முதல் ஒரு மனிசர் பார்க்க வேண்டும். ஒரு தொலைபேசி அழைப்புப் போதும்.

இந்த மூன்றும் சேர்ந்து என் கோட்டில் முப்பது வரிக்கு மேல் வரவில்லை. சங்கத்தில் நடந்தால் அது நாகரிகம். ஒரு குடும்பத்தின் மாதச் சாப்பாட்டைத் தீர்மானிக்கிற பட்டியல் என்றால், அது சட்டமாகவே இருக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

அந்த அம்மாவிட்ட போய் மன்னிப்புக் கேட்டன். தேத்தண்ணி தந்தா. துண்டைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கி, மடிச்சுக் கைப்பைக்குள்ள வைச்சா. இப்பவும் ஒவ்வொரு மாதமும் துண்டு வாங்காமல் போகமாட்டா. அதில எனக்குக் கோபம் இல்ல.