விருந்தினர் விழாவும் வீட்டு விழாவும்

வாளேந்தி வருவோனை எதிர்த்து நிற்கத் துணியும் மக்கள், பணப்பையேந்தி வருவோனைக் கதவு திறந்து அழைக்கின்றனர். வந்தவன் மொழியைக் கற்றுக்கொள்வது விருந்தோம்பல். அவன் பொருட்டுத் தன் மொழியையே கைவிடுவது தன்னை விற்றல். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத் தெள்ளத் தெளியக் காட்டும் நிலம் ஒன்று ஆல்புசு மலைத்தொடரில் உளது.

சுவிட்சர்லாந்தின் கிழக்கே, கிராவுபுண்டன் மாநிலத்தில், இன் ஆறு பாயும் எங்காடின் பள்ளத்தாக்கே அந்நிலம். அம்மண்ணின் மொழி உரோமாஞ்சு. கி.மு. 15-இல் உரோமப் படை அம்மலைநாட்டை வென்றபின், அங்கு வேரூன்றிய இலத்தீன் பேச்சிலிருந்து கிளைத்த மொழி அது. மலைகள் அரணாக நிற்க, நூற்றாண்டுகள் பலவாக உழவர் வாயிலும் இடையர் வாயிலும் அது வாழ்ந்து வந்தது.

அப்பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் அமைந்தது செயின்ட் மோரிட்சு. 1864-ஆம் ஆண்டில் யோகான்னசு பத்ருட் என்னும் விடுதி உரிமையாளர், கோடையில் வந்து தங்கிய ஆங்கிலேயரிடம், "பனிக்காலத்திலும் வந்து பாருங்கள்" எனப் பந்தயம் கட்டி அழைத்தார் என்பது அவ்வூரார் வழிவழிக் கூறும் செய்தி. அன்று திறந்த வாயில் பின்னர் மூடவேயில்லை. 1907 முதல் உறைந்த ஏரியின்மேல் குதிரைப் பந்தயம் நடக்கிறது. சறுக்குக்கட்டையில் நிற்கும் மாந்தனைக் குதிரை இழுத்தோடும் போட்டியும் அதில் உண்டு. 1928-இலும் 1948-இலும் பனிக்கால ஒலிம்பிக்குப் போட்டிகள் அவ்வூரிலேயே நிகழ்ந்தன. நடுப்பனிக்காலம் வந்தால் உலகச் செல்வர்கள் அங்கே வந்து குவிகின்றனர். இவை விருந்தினர் விழாக்கள்.

அதே பள்ளத்தாக்கில் வீட்டு விழாக்களும் உள்ளன. சனவரியில் 'சிலித்தேடா' வரும். ஊர் இளைஞரும் இளம்பெண்டிரும் செந்நிற மரபுடை அணிந்து, ஒப்பனை செய்த சறுக்குவண்டிகளில் இணையிணையாய் அமர, குதிரைகள் அவற்றை ஊர்தோறும் இழுத்துச் செல்லும். கீழ் எங்காடினில் உள்ள சுக்குவோல் என்னும் ஊரில், பிப்பிரவரியின் முதற் காரிக்கிழமை, வைக்கோலைத் திரித்து உயர்ந்த கம்பத்தில் சுற்றி 'வைக்கோல் மாந்தன்' ஒருவனை நிறுத்தி, மாலையில் எரியூட்டிப் பனிக்காலத்தை வழியனுப்புவர். மார்ச்சு முதல்நாள் சிறுவர்கள் மாட்டுமணிகளைத் தோளில் மாட்டி, ஒலியெழுப்பித் தெருத்தெருவாய்ச் சென்று உரோமாஞ்சில் பாடுவர். 'சலந்தமார்சு' என்னும் இவ்விழாவை வைத்துச் செலினா சோன்சு எழுத, அலோயிசு காரிச்செட் ஓவியம் தீட்டிய சிறார் நூல் 1945-இல் வெளிவந்து, பல நாட்டுப் பிள்ளைகளின் கைகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

இனி, கணக்கைப் பார்ப்போர் பார்க்கட்டும். 1880-இல் செயின்ட் மோரிட்சு மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் உரோமாஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டிருந்தனர். 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலோ அவர்கள் நூற்றுக்கு ஐவர் அளவினரே. எந்த மன்னனும் ஆணையிட்டு அம்மொழியைத் தடுக்கவில்லை. விடுதிக்கு இடாய்ச்சு வேண்டியிருந்தது, கடைக்கு வேண்டியிருந்தது, பிறகு வீட்டிற்கும் வேண்டியதாயிற்று. கடைசியில் சொன்னதில்தான் கேடு நுழைந்தது.

சட்டம் காக்கவில்லையா எனக் கேட்கலாம். 1919-இல் 'இலியா உரோமாஞ்சா' என்னும் மொழிக்காப்பு அமைப்பு தோன்றியது. உரோமாஞ்சு இத்தாலியத்தின் கிளையே எனச் சொல்லி இத்தாலிய வெறியர் உரிமை கொண்டாடியபோது, பைதெர் இலான்செல் போன்ற பாவலர்கள் தம் மொழி தனிமொழியே என முழங்கினர். 1938 பிப்பிரவரி 20-இல், கடும்பனியின் நடுவே, சுவிட்சர்லாந்து மக்கள் வாக்களித்தனர். நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டோர் உரோமாஞ்சை நாட்டின் நான்காம் மொழியாக ஏற்றனர். 1996-இல் மற்றொரு வாக்கெடுப்பால், அம்மொழி பேசுவோருடன் நடுவணரசு தொடர்பு கொள்வதற்கான ஆட்சிமொழி என்னும் நிலையும் கிடைத்தது. போற்றத்தக்க வெற்றிகளே இவை. ஆயினும் செயின்ட் மோரிட்சின் வீடுகளுக்குள் அம்மொழி திரும்பி வரவில்லை. சட்டம் வேலி, பயிரை வீட்டார்தாம் நட வேண்டும்.

"வயிற்றை நிரப்புவது பனிச்சறுக்கு, மொழியா சோறு போடும்?" என்பாருக்குச் சுக்குவோல் விடை கூறும். அங்கும் மோட்டா நளுன்சு மலைச்சரிவில் சறுக்குவோர் திரள்கின்றனர். மருத்துவ நீரூற்றுகளை நாடியும் விருந்தினர் வருகின்றனர். இடாய்ச்சு அறியாத வளர்ந்தோரை அங்குக் காண்பது அரிது. ஆயினும் பள்ளியில் பிள்ளைகள் முதலில் எழுதப் பழகுவது உரோமாஞ்சில். இன்றும் கீழ் எங்காடின் அம்மொழியின் வலிய நிலைக்களமாக நிற்கிறது. தொழில் ஒன்றே, பனி ஒன்றே, பள்ளத்தாக்கும் ஒன்றே, வேறுபட்டது உறுதி. மேற்பகுதிக்குச் செல்வ வெள்ளம் முன்னரே வந்தது, பெரிதாகவும் வந்தது என்பது மெய். வெள்ளம் பெரிதெனில் கரையும் உயர வேண்டும் என்பதே அதிலிருந்து பெறும் பாடம்.

நாடு முழுவதிலும் உரோமாஞ்சை முதன்மொழியாகக் கூறியோர் 2000-இல் ஏறத்தாழ 35,000 பேரே. அவ்வளவு சிறிய மக்களுக்கு வீட்டு விழா வெறும் பொழுதுபோக்கன்று. பிறமொழிக் குடும்பத்துப் பிள்ளையும் மணியைத் தோளில் மாட்டும்போது உரோமாஞ்சுப் பாட்டையே கற்றாக வேண்டும். அங்கே மொழி, வந்தவனுக்கு வழிவிட்டு ஒதுங்காமல், அவனைத் தன்னுள் அழைத்துக்கொள்கிறது. ஆனால் அவ்விழாவும் ஒருநாள் விருந்தினர் படமெடுத்து மகிழும் காட்சியாக மட்டும் சுருங்குமாயின், மணி ஒலிக்கும். பாட்டின் பொருள் பாடுவோனுக்கே விளங்காது.

விருந்தினர் வரட்டும், அவர்தம் பந்தயமும் ஏரிமேல் நடக்கட்டும். பனி உருகினால் ஏரியில் குதிரை ஓடாது, விருந்தினரும் ஊர் திரும்பிவிடுவர். அதன்பின் அவ்வூர்த் தாய் தன் பிள்ளையை எம்மொழியில் அழைக்கிறாள் என்பதே அம்மொழியின் வாழ்நாளைக் காட்டும் அளவுகோல்.