பார்த்த பிறகு பெயர்

1878 நவம்பரில் லண்டன் நீதிமன்றம் ஒன்றில் ஓர் ஓவியத்தைப் பற்றி வழக்கு நடந்தது. ஜேம்ஸ் விஸ்லர் தீட்டிய இரவுக் காட்சி அது. கறுத்த வானில் வாணம் வெடித்துப் பொன் பொறிகள் உதிர்கின்றன. மரமும் ஆட்களும் இருளுக்குள் பாதி கரைந்திருக்கிறார்கள். இதற்கு 200 கினி விலையா என்று கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் காட்டமாக எழுத, விஸ்லர் அவதூறு வழக்குப் போட்டார். வென்றும்விட்டார். கிடைத்த இழப்பீடு ஒரே ஒரு ஃபார்திங், அதாவது பென்னியில் கால் பங்கு. செலவு தாங்காமல் மறு ஆண்டே அவர் திவாலானார்.

ரஸ்கின் விவரம் தெரியாதவர் அல்லர். 24 வயதிலேயே 'நவீன ஓவியர்கள்' நூலின் முதல் தொகுதியை வெளியிட்டு, பலர் பழித்த ஓவியர் டர்னரின் பக்கம் உறுதியாக நின்றவர். ஆக்ஸ்ஃபோர்டில் கலைப் பேராசிரியர். மேகத்தையும் பாறையையும் தன் கையாலேயே வரைந்து வரைந்து கண்ணைத் தீட்டிக்கொண்டவர். அப்படிப்பட்ட கண் ஏன் விஸ்லரிடம் இடறியது? டர்னரிடம் அவர் தேடியது இயற்கையின் உண்மையை. விஸ்லரோ வண்ணங்கள் ஒன்றோடொன்று இசைந்து நிற்பதையே ஓவியம் என்று நினைத்தவர்; அதனால்தான் தன் படங்களுக்கு இசையிலிருந்து பெயர் எடுத்தார். ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களை ஆசையாகச் சேர்த்தார். விஸ்லர் போகாத ஊருக்கு ரஸ்கின் வழி கேட்டார்.

கலை விமர்சனம் எழுத வரும் இளைஞர்களுக்கு முதலில் சொல்ல வேண்டிய கதை இதுதான். ஓவியர்களையும் இயக்கங்களையும் படித்தே ஆக வேண்டும். அதில் குறுக்குவழி கிடையாது. ஆனால் எதற்காகப் படிப்பது? இந்தப் படம் எந்த இயக்கம் என்று முத்திரை குத்துவதற்கா, இந்த ஓவியர் எதை ஏற்று எதை மறுத்தார் என்று புரிந்துகொள்வதற்கா?

முத்திரைகள் பிறந்த விதத்தைப் பார்த்தாலே போதும். 1874இல் பாரிஸில் மோனேயும் அவருடைய நண்பர்களும் நடத்திய கண்காட்சியைக் கேலி செய்து லூயி லெருவா எழுதிய கட்டுரையால் பரவியதுதான் இம்ப்ரஷனிசம் என்ற பெயர். ஃபாவிசம் என்பதும் 1905இல் ஒரு விமர்சகர் வீசிய சொல்லிலிருந்து வந்ததே. ஓவியம் முதலில் வந்தது. பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. படிப்பவர் பெயரிலிருந்து தொடங்கினால் படத்தில் அந்தப் பெயருக்குப் பொருந்துவது மட்டுமே கண்ணில் படும்.

சென்னையில் இருப்பவர்களுக்குப் பெயரை விட்டுப் படைப்பிலிருந்தே தொடங்கிப் பழக நல்ல வாய்ப்பு உண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ரவிவர்மா இருக்கிறார். ஐரோப்பிய எண்ணெய் வண்ண முறையைக் கற்றுக்கொண்டு, நம் பெண்களின் பட்டுச் சேலையில் வெளிச்சம் விழுவதைப் பிடித்தவர். மெரினாவில் உழைப்பாளர் சிலை இருக்கிறது. பாறையைப் பெயர்க்கும் நான்கு பேரின் தசை முறுக்கத்தைத் தேவிபிரசாத் ராய் சௌத்ரி வெண்கலத்தில் வார்த்தார்; சிலை நிறுவப்பட்டது 1959இல். தினமும் ஆயிரக்கணக்கானோர் பேருந்து நிறுத்தமாக மட்டும் அறிந்த சிலை அது. நின்று பார்க்கத் தகுந்தது.

அந்த ராய் சௌத்ரியிடம் பயின்ற கே.சி.எஸ். பணிக்கர், 1957இல் அவருக்குப் பின் சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வரானார். 1960களில் அவர் தீட்டத் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் தசையும் இல்லை, ஆழமும் இல்லை. தட்டையான பரப்பில் ஜாதகக் கட்டங்கள், எழுத்து போலத் தோன்றும் கிறுக்கல்கள், சின்னஞ்சிறு உருவங்கள். குருவின் கையை அறியாதவருக்கு மாணவர் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார் என்பது தெரியாது. வரலாறு படிப்பதன் பயன் இங்கேதான் கிடைக்கிறது. 1966இல் அவர் சக கலைஞர்களோடு சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார்.

விமர்சகராக விரும்பும் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோழமண்டலத்துக்குப் போகட்டும். ஒரே ஓவியத்தின் முன் அரை மணி நேரம் நிற்கட்டும். எந்த வண்ணம் எங்கே அடர்கிறது, கோடு எங்கே தயங்குகிறது, பார்வை எந்த மூலையில் முதலில் விழுகிறது என்று நோட்டில் குறிக்கட்டும். ஓவியர் யார், எந்த ஆண்டு, எந்த இயக்கம் என்பதை வீடு திரும்பிய பிறகு புத்தகத்தில் தேடிக்கொள்ளலாம். அடுத்த வாரம் அதே படத்தின் முன் மறுபடியும் போய் நிற்கட்டும்.