பாட்டு ஒரு கேடா?

குற்றாலம் சீசனுக்குப் போனால் என்ன செய்வீர்கள்? ஐந்தருவியில் குளியல், பிரானூரில் பார்டர் புரோட்டா, ஒரு கிலோ நேந்திரங்காய் சிப்ஸ். அவ்வளவுதானே? அடுத்த முறை புரோட்டாவை முடித்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் செங்கோட்டையை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். எஸ்.ஜி.கிட்டப்பாவின் ஊர்.

கிட்டப்பா என்றதும் அடுத்த பெயர் தானாக வரும்: கே.பி.சுந்தராம்பாள். 'ஆஹா, என்ன ஒரு அமர காதல்!' என்று உச்சுக் கொட்டுவீர்கள். என் சண்டையே அந்த உச்சுக்கொட்டலோடுதான்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம் (பி.காம் புத்தி!). 1926-ல் இலங்கை நாடக மேடையில் சந்திப்பு. அவர் ஏற்கெனவே மணமானவர். 1927-ல் கல்யாணம். பிறகு மனக்கசப்பு, பிரிவு. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. சுந்தராம்பாள் கெஞ்சி எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சில் வந்தன. படித்தால் வயிறு கலங்கும். மேடையில் ஆயிரம் பேரைக் கட்டிப்போட்ட குரல், ஒரு பதில் கடிதத்துக்காகக் காத்துக் கிடந்திருக்கிறது. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தார். அவருக்கு வயது 27. இவருக்கு 25.

இதைக் காவியமாக்கிய நாம்தான் இன்றைக்கும் அழுதுகொண்டு வருகிற பெண்ணிடம், 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போம்மா' என்கிறோம். வியாபாரத்தில் வாராக்கடனைத் தள்ளுபடி செய்கிறோம். பெண்ணிடம் மட்டும், 'வட்டியோடு வரும், காத்திரு!'

தென்காசியில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி. கல்லூரி நாளில் நன்றாகப் பாடியவர். 'யாருக்காகப் பாடறே?' என்ற ஒரே கேள்வியில் கணவர் வாயை அடைத்தார். பதினோரு வருஷம். வெளியே வந்த பிறகு, குழந்தைகளோடு குழந்தையாக உட்கார்ந்து சரளி வரிசையிலிருந்து ஆரம்பித்தார்.

"முதல் மாசம் சட்ஜமே நிக்கல சார். யாரோ அதட்டப் போறாங்கன்னு தொண்டை பயந்துக்கிட்டே இருந்துச்சு. ஒருநாள் நின்னுச்சு. அட, இது என் குரல்தானேன்னு அழுதுட்டேன்" என்றார்.

சொந்தக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? 'புருஷனை விட்டுட்டு வந்தவளுக்குப் பாட்டு ஒரு கேடா?'

அய்யா சொந்தக்காரர்களே, சுந்தராம்பாளின் மீதிக் கணக்கையும் பாருங்கள். வெள்ளைப் புடவை கட்டினார், ஆண்களோடு ஜோடி சேர மறுத்தார். இதை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள். 1935-ல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்து ஒரு லட்ச ரூபாய் வாங்கினாரே? 1953-ல் ஔவையாராக ஊரையே எழுந்து நிற்க வைத்தாரே? சட்ட மேலவையில் உட்கார்ந்தாரே? கிட்டப்பாவைக் கடைசிவரை அவர் மறக்கவில்லை. அது அவர் இஷ்டம். ஆனால், அவரை நிமிர்த்தியது கண்ணீர் அல்ல, தொண்டை.

பாட்டு சர்வரோக நிவாரணி என்று நான் சொல்லவில்லை. அடி விழுகிற வீட்டில் முதல் வேலை வெளியே வருவது. 181 என்ற எண் அதற்குத்தான். பாட்டு அதற்கு அப்புறம்.

உங்கள் வீட்டில் யாராவது பாடுவதை நிறுத்தியிருக்கிறார்களா? ஏன் என்று கேளுங்கள். காரணம் நீங்கள்தான் என்றால், ஹார்மோனியம் எல்லாம் வாங்கித்தர வேண்டாம். கொஞ்ச நாள் உங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் திறக்கட்டும்!