முதுமையும் தைமஸ் ஊசியும்

பாலாற்றங்கரையில் இராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரையுள்ள ஊர்களுக்கு மாட்டுத் தோலே ஜீவனம். கன்றின் மார்பெலும்புக்குப் பின்னால் மிருதுவான சதையாகக் கிடக்கும் தைமஸ் சுரப்பியிலிருந்து, 1960-களில் நியூயார்க்கில் ஆபிரகாம் ஒயிட்டும் ஆலன் கோல்ட்ஸ்டீனும் பிரித்தெடுத்த தைமோசின் என்ற சாரத்தின் வழிவந்த மருந்துகளோ, இன்று யௌவனத்தை மீட்கும் ஊசி என்ற விளம்பரத்தோடு உலகெங்கும் விற்பனைக்கு வருகின்றன. அந்த விளம்பரத்தை நம்பிச் சேமிப்பைக் கரைக்கும் முதியோருக்காகவும், அதை வாங்கவே வசதியில்லாத தோல் ஷாப் தொழிலாளர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

இந்தச் சுரப்பி பயனற்ற மிச்சம் என்றே வைத்தியர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். பிறந்தவுடன் அதை இழந்த சுண்டெலிகள் தொற்றுநோய்களை எதிர்க்கச் சக்தியற்று மாண்டதை 1961-இல் ஜாக் மில்லர் லண்டனில் கண்டறிந்த பிறகே அதன் மகிமை விளங்கிற்று. எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் அணுக்கள் தைமஸுக்கு வந்து, அங்கே சொந்த சரீரத்தைத் தாக்கக்கூடியவை அழிக்கப்பட, எஞ்சியவை டி-அணுக்களாகப் பக்குவமடைந்து வெளியேறுகின்றன. பருவ வயதுக்குப் பின் சுரப்பி சுருங்கிக் கொழுப்பாக மாறிவிடுவதால் புதிய அணுக்களின் வரத்து குறைகிறது. முதுமையில் நிமோனியா உயிரைக் குடிப்பதற்கும், பல்லாண்டு உறங்கிக் கிடந்த காசநோய் விழித்துக்கொள்வதற்கும் இது ஒரு முக்கிய காரணம்.

டி-அணுக்கள் குறைந்தால் மனிதன் என்னாவான் என்பதை வேலூருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் டாக்டர் நிர்மலா சென்னையில் சேகரித்த இரத்த மாதிரிகளில், அந்த அணுக்களையே அழிக்கும் எச்.ஐ.வி. கிருமியின் அடையாளம் இந்தியாவில் முதன்முறையாகத் தென்பட்டது, 1986-இல், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வகத்திலேதான். அதே ஆண்டில் டாக்டர் மம்மன் சாண்டியின் குழு அங்கே தாலசீமியாவுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்தது. அவ்விதம் செலுத்தப்படும் மஜ்ஜையிலிருந்து வரும் அணுக்களும் நோயாளியின் தைமஸிலேயே பக்குவமடைய வேண்டியிருப்பதால், குழந்தைகளுக்குத் திரும்பும் எதிர்ப்பாற்றல் பெரியவர்களுக்கு அவ்வளவு எளிதில் திரும்புவதில்லை. அருகிலுள்ள கரிகிரி குஷ்டரோக மருத்துவமனையிலோ, டி-அணுக்களின் எதிர்ப்பு வலுத்தவர்களுக்குச் சில தேமல்களோடு நிற்கும் குஷ்டரோகம், அந்த எதிர்ப்பு இல்லாதவர்களின் சரீரமெங்கும் பரவுவதை மருத்துவர்கள் தலைமுறைகளாகப் பார்த்திருக்கிறார்கள்.

விளம்பரத்தில் வரும் அந்த ஊசி மருந்துகளில் ஒன்றான தைமோசின் ஆல்ஃபா-1 என்பது 28 அமினோ அமிலங்கள் கோத்த சிறு பெப்டைடு. இப்போது கன்றின் உதவியின்றி ரசாயன முறையில் தயாராகிறது. பல தேசங்களில் ஹெபடைடிஸ்-பி நோய்க்கு அதைக் கொடுக்கிறார்கள். ஆனால் செப்சிஸ் என்ற கொடிய தொற்றுநிலைக்குச் சீனாவில் 22 மருத்துவமனைகளில் 1,106 பேரிடம் நடத்திய பரிசோதனையில், அது மரணத்தைக் குறைத்ததாகத் தெளிவான சான்று கிடைக்கவில்லை என்று 2025-இல் வெளியான முடிவு சொல்கிறது. மரணத் தறுவாயில் இருப்பவர்களிடமே பலன் நிரூபணமாகாத மருந்தை, ஆரோக்கியமாக நடமாடும் அறுபது வயதினருக்கு இளமை தரும் என்று விற்பது அநியாயம். உறுப்பு மாற்று சிகிச்சை பெற்று, எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரைகளில் வாழ்கிறவர்களுக்கு இதனால் அபாயமும் உண்டு.

போஷாக்கற்ற குழந்தைகளின் தைமஸ் வற்றிவிடுவதை வைத்தியம் வெகுகாலமாக அறியும். ஆகவே சத்துணவுக்குச் செலவிடும் பணம் இந்தச் சுரப்பிக்குச் செய்யும் தொண்டே. முதியோர் விஷயத்தில், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகளோடு வீடு தேடி வருகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் பட்டியலில் இன்ஃபுளுவென்சா, நிமோகாக்கஸ் தடுப்பூசிகளையும் அறுபது கடந்தவர்களுக்கு இலவசமாகச் சேர்க்க வேண்டும். இதை ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் முதலில் தொடங்கலாம். ரசாயனத்திலும் தோல் தூசியிலும் ஆயுளைக் கழித்தவர்கள் இங்கே ஏராளம். அவர்கள் உழைப்பில் வளர்ந்த ஏற்றுமதி நிறுவனங்கள், ஓய்வுபெற்றவர்களுக்கும் சேர்த்து, இந்தச் செலவில் ஒரு பங்கை ஏற்கக் கடமைப்பட்டவை.