குளம் யார் பெயரில் இருக்கிறது?

"மீனைக் கொடுக்காதே, மீன் பிடிக்கக் கற்றுக் கொடு" என்ற வாசகம் இல்லாமல் நம் ஊரில் ஒரு சுயதொழில் கருத்தரங்கும் முடிவதில்லை. இளைஞர்களே வாருங்கள், பெண்களே வாருங்கள், மீன் வளர்ப்பில் பொன்னான எதிர்காலம் இருக்கிறது என்கிறார்கள். வந்தவர்களும் கை தட்டிவிட்டு, சான்றிதழையும் சாப்பாட்டுப் பொட்டலத்தையும் வாங்கிக் கொண்டு வீடு திரும்புகிறார்கள். எல்லாம் சரி. கற்றுக் கொண்டவர் எந்தக் குளத்தில் மீன் வளர்ப்பது? அந்தக் குளம் யார் பெயரில் இருக்கிறது? மேடையில் இருப்பவர்கள் இதைப் பற்றி மட்டும் பேசுவதே இல்லை.

தொழிலுக்கு எதிர்காலம் இருப்பது பொய்யல்ல. ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2024ல் வெளியிட்ட அறிக்கைப்படி, மீன், இறால் போன்ற நீர்வாழ் விலங்குகளில் பிடிக்கப்பட்டவற்றை விட வளர்க்கப்பட்டவை 2022ல்தான் முதன்முறையாக அதிகமாயின. மொத்தத்தில் 51 சதவீதம் பண்ணைகளில் இருந்து வந்தது. கடல் கொடுப்பதற்கு ஓர் எல்லை உண்டு. இனி வரும் மீனில் பெரும்பகுதி குளத்திலும் தொட்டியிலும் கூண்டிலும்தான் வளர வேண்டும்.

அதே அறிக்கை இன்னொரு கணக்கையும் சொல்கிறது. மீன் பிடிப்பதிலும் வளர்ப்பதிலும் பெண்களின் பங்கு 24 சதவீதம். பிடித்த பிறகு நடக்கும் வேலைகளிலோ 62 சதவீதம்! அதாவது, பெண்கள் மீன் தொழிலுக்கு வெளியே நின்று கொண்டு யாராவது கூப்பிட மாட்டார்களா என்று காத்திருக்கவில்லை. ஏற்கனவே உள்ளேதான் இருக்கிறார்கள். கூடை சுமப்பது, கருவாடு காய வைப்பது, இறால் உரிப்பது, தெருத் தெருவாக விற்பது எல்லாம் அவர்கள்தான். சொத்தும் முதலும் முடிவெடுக்கும் உரிமையும் இருக்கும் இடத்தில்தான் அவர்களைக் காணவில்லை.

மானியம் உண்டு, பட்டா இல்லை

2020ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம், மீன் பண்ணை அமைக்கப் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் அறிவித்தது. நல்ல திட்டம்தான். ஆனால் விண்ணப்பத்தோடு நிலத்தின் ஆவணத்தை வைக்க வேண்டும். சொந்த நிலம் இல்லையென்றால் குத்தகைப் பத்திரம் வேண்டும்.

நிலம் யாரிடம் இருக்கிறது? 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், இந்தியாவில் சாகுபடி நிலத்தைத் தம் பொறுப்பில் வைத்திருந்தவர்களில் பெண்கள் சுமார் 14 சதவீதம் மட்டுமே. தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தரும் சட்டம் 1989லேயே வந்துவிட்டது. நாடு முழுவதற்கும் 2005ல் வந்தது. ஆனாலும் கல்யாணத்தின் போது போட்ட நகையைக் காட்டி, தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் அண்ணன்மார்கள் இன்னும் குறையவில்லை.

விளைவு என்ன? 60 சதவீத மானியத்துக்காக மனைவி பெயரில் விண்ணப்பம் போடப்படுகிறது. புகைப்படத்தில் மனைவி. வலை, தீவனக் கணக்கு, வியாபாரி தரும் பணம் எல்லாம் கணவன் கையில். ஆண்டறிக்கையில் மட்டும் ஒரு 'பெண் தொழில்முனைவோர்' கூடிவிடுகிறார்.

இளைஞர்களின் கதையும் இதேதான். நிலம் அப்பா பெயரில் இருக்கிறது. நெல் போட்ட வயலில் குளம் வெட்ட அவர் சம்மதிப்பதில்லை. நான்கு வருடம் மீன்வள அறிவியல் படித்த பிள்ளை கடைசியில் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறான். தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி 1977ல் தொடங்கியது. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகம் 2012ல் வந்தது. படிப்புக்கு இங்கே பஞ்சமில்லை.

"பெண்களால் முடியுமா?"

இப்படிக் கேட்பவர்கள் மண்டபம், பாம்பன் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே மூங்கில் மிதவைகளில் பாசி வளர்க்கும் தொழிலுக்கு 2000களில் இருந்தே சுயஉதவிக் குழுப் பெண்கள் வந்திருக்கிறார்கள். பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி மிதவை. சுமார் 45 நாளில் அறுவடை. அங்கே மட்டும் பெண்கள் எப்படி வந்தார்கள்? கடலில் மிதவை கட்டப் பட்டா தேவையில்லை! சொத்து என்ற வேலி இல்லாத இடத்தில் யாரும் அழைக்காமலேயே பெண்கள் வந்துவிட்டார்கள். (அந்தப் பாசி வெளிநாட்டு இனம் என்பதும், பவளப்பாறைகளில் அது பரவியதை ஆய்வாளர்கள் கண்டித்தார்கள் என்பதும் உண்மை. எந்த இனத்தை வளர்ப்பது என்பதை அரசும் நிறுவனங்களும் முடிவு செய்தன. பழி மட்டும் வளர்ப்பவர்கள் மேல் விழுகிறது.)

நன்னீர்க் குளத்திலும் அப்படி ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. ஓர் ஏக்கர் குளத்தில் சுமார் 2000 விரலளவு குஞ்சுகள் விடலாம். கட்லா மேல்மட்டத்திலும் ரோகு நடுவிலும் மிர்கால் அடியிலும் மேயும் என்பதால் ஒன்றின் தீனிக்கு இன்னொன்று போட்டியில்லை. தவிடும் கடலைப் புண்ணாக்கும் தீனி. சாணம் போட்டால் நுண்ணுயிர்கள் பெருகும். நன்றாகப் பார்த்துக் கொண்டால் ஒரு வருடத்தில் மீன் ஏறக்குறைய ஒரு கிலோ வரும். ஆபத்து வருவது பெரும்பாலும் விடியற்காலையில். இரவெல்லாம் குளத்தில் ஆக்சிஜன் குறைந்து கொண்டே வந்து, விடியும் முன் மிகவும் குறைவாக இருக்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தால் உடனே கவனிக்க வேண்டும். நம் கிராமங்களில் அந்த நேரத்தில் எழுந்து வாசல் தெளிப்பவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு இறால் கதை வேண்டாம்

'நிலைத்த' மீன் வளர்ப்பு என்று சொல்லும் போது நாகப்பட்டினத்தை மறக்கக் கூடாது. 1990களில் கிழக்குக் கடற்கரை நெடுக இறால் பண்ணைகள் முளைத்தன. விளைநிலங்கள் பண்ணையாக மாறின, பக்கத்துக் குடிநீர் உப்பானது. நடவு, களையெடுப்பு என்று கிடைத்து வந்த கூலியைப் பெண்கள் இழந்தார்கள். 1994-95ல் வெள்ளைப்புள்ளி நோய் வந்து பண்ணைகளே சரிந்தன. முதலாளிகள் கிளம்பிவிட்டார்கள். உப்பு மட்டும் அங்கேயே தங்கியது.

எதிர்த்து நின்றவர்கள் யார்? கிருஷ்ணம்மாள், ஜெகநாதன் தம்பதியரின் பின்னால் திரண்ட கிராமத்துப் பெண்கள். ஜெகநாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், விளைநிலங்களையும் அலையாத்திக் காடுகளையும் உப்பளங்களையும் இறால் பண்ணையாக மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்றும் சொன்னது. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் 2005ல் வந்தது. இதே தம்பதியர் தங்கள் இயக்கத்தின் வழியாக ஆயிரக்கணக்கான நிலமற்ற குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தபோது, அதைப் பெண்களின் பெயரில்தான் பதிவு செய்தார்கள். காரணம் வெளிப்படையானது. பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் எடுத்துப் பிள்ளைக்குச் சோறாக்குபவள் அந்தத் தண்ணீரை உப்பாக்க மாட்டாள்.

இன்றைய ஆபத்து வேறு உருவத்தில் வருகிறது. தார்ப்பாய்த் தொட்டி, பயோஃபிளாக், மாதம் லட்ச ரூபாய் என்று யூடியூபில் ஆசை காட்டுகிறார்கள். அந்த முறையில் இரவும் பகலும் காற்று ஓடிக் கொண்டே இருக்க வேண்டும், மின்சாரம் போனால் சில மணி நேரத்தில் தொட்டி மீன் மொத்தமும் செத்து மிதக்கும் என்பதை எத்தனை பேர் சொல்கிறார்கள்? 2012ல் பெருந்துறையில் ஈமு கோழியை நம்பிப் பணம் போட்டவர்கள் பட்ட பாடு அதற்குள் மறந்துவிட்டதா? சீக்கிரம் வளர்கிறது என்பதற்காக, 2000லேயே தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை ஒளித்து வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அது ஒரு வெள்ளத்தில் தப்பி ஏரிக்குள் போனால் நாட்டு மீன்களின் கதி என்ன?

செய்ய வேண்டியது

முதலில் மீன்பாசி ஏலத்தை மாற்ற வேண்டும். கண்மாய்களிலும் ஏரிகளிலும் மீன் வளர்க்கும் உரிமை, பணம் அதிகம் கட்டுபவருக்கே போகிறது. குறுகிய காலக் குத்தகைக்காரர் அடுத்த வருடத்தை நினைப்பதில்லை. முடிந்தவரை நீரை இறைத்து, குஞ்சு வரை அரித்துக் கொண்டு போய்விடுவார். ஒவ்வொரு ஒன்றியத்திலும் பாதிக் கண்மாய்களைப் பெண்கள் குழுக்களுக்கும் படித்த இளைஞர்களுக்கும் ஐந்து வருடக் குத்தகையாக ஒதுக்க வேண்டும். நாளையும் தன்னுடையது என்று தெரிந்தால்தான் ஒருவர் குளத்தைப் பாதுகாப்பார். 'நிலைத்த' என்ற சொல்லுக்கு வேறு பொருள் இல்லை.

இரண்டாவது, மானியம் வாங்கும் குளம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். மீன் விற்ற பணம் அவள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். மூன்றாவது, இரண்டு நாள் பயிற்சியும் சான்றிதழும் போதாது. ஒரு முழு வளர்ப்புப் பருவம் பண்ணையில் உதவித்தொகையோடு வேலை பழகக் கொடுக்க வேண்டும்.

ஒதுக்கீடு கொடுத்தாலும் கணவன்தானே ஆள்வான் என்று சிலர் சிரிப்பார்கள். உள்ளாட்சியில் பெண்களுக்கு இடம் ஒதுக்கியபோதும் இப்படித்தான் சிரித்தார்கள். தலைவியின் நாற்காலியில் கணவன் உட்கார்ந்தது உண்மைதான். அந்த நாற்காலியில் தானே உட்காரக் கற்றுக் கொண்ட பெண்களும் உண்டு. நாற்காலியே இல்லாதவள் எதில் உட்காருவாள்?

மீன் குஞ்சுக்கு நீச்சல் கற்றுத் தர வேண்டியதில்லை என்பார்கள் பெரியவர்கள். அதற்குத் தேவை தண்ணீர். அடுத்த முறை உங்கள் ஊர்க் கண்மாயின் மீன்பாசி ஏல அறிவிப்பு ஒட்டப்படும் போது, நின்று படித்துப் பாருங்கள். ஏலம் கேட்க வந்தவர்களில் பெண்கள் எத்தனை பேர், முப்பது வயதுக்குக் கீழே எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையைக் கிராம சபையில் எழுந்து நின்று சொல்லுங்கள்.